மூட்டையைக் கட்டி வையுங்கள், நான் வருகிறேன்

நம் போஸ்ட்மாஸ்டர்கள் சங்கத்தின் கோட்டச் செயலாளர் தம்பிக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், வேலையை முடித்துக்கொண்டு பேரன் பேத்தியோடு வீட்டில் இருக்கிற அண்ணாச்சிமார், அக்காமாருக்கும்,

வணக்கம். போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. சங்க அறையைக் காலி செய்கிறோம், வாடகை கட்டுப்படியாகவில்லை, மேசை நாற்காலி யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்று. சரி, அது உங்கள் பாடு. ஆனால் படத்தின் ஓரத்தில் நான்கு சாக்கு மூட்டைகள் கிடந்தன, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "பழைய மினிட் புக்கு, சர்க்குலரு, அது இதுன்னு குப்பைதான்க்கா, சனிக்கிழமை ஆக்கர் கடைக்காரர் வாறாரு" என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. ஆக்கர் கடை என்றால் பழைய பேப்பரை எடைக்கு எடுக்கிற கடை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல். குழுவில் போட்டால் இரண்டு நிமிடத்தில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும், ஆகவே பொதுவிலேயே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என்னைத் தெரியாத புதுப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. 1982-இல் எழுத்தராகச் சேர்ந்து, கடலோரத்திலும் மலையோரத்திலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சப் ஆபீஸ்களில் மாறி மாறி உட்கார்ந்து, 2020-இல் ஓய்வு பெற்றேன். மீனவர் ஊர்களில் எனக்குப் பெயரே கிடையாது, போஸ்ட்மாஸ்டரம்மாதான். எனக்கு முன்னால் என் அப்பா. அவர் சேர்ந்தது இந்தியத் தபால் துறையில் இல்லை, திருவிதாங்கூர் அஞ்சலில்.

இப்போது தமிழ்நாடு முழுக்க அஞ்சல் என்றால் தபால், தபால் என்றால் அஞ்சல். ஆனால் நம் பகுதியில் அப்பா காலத்து ஆட்களுக்கு அது வேறு, இது வேறு. அஞ்சல் என்றால் மகாராஜாவுடையது, சங்கு முத்திரை போட்டது, பெட்டி பச்சை நிறம். தபால் என்றால் வெள்ளைக்காரனுடையது, பெட்டி சிவப்பு. இரண்டும் ஒரே நாட்டுக்குள் அக்கம்பக்கமாக ஓடின. மணி கட்டிய கம்போடு அஞ்சலோட்டக்காரர் வந்தால் வழியில் நிற்பவர்கள் ஒதுங்க வேண்டும், அது அரசாங்கக் காரியம். 1888-இல் சங்கு போட்ட முதல் தபால்தலைகளைத் திருவிதாங்கூர் வெளியிட்டது. விலை சக்கரக் கணக்கில், 28 சக்கரம் ஒரு ரூபாய். 1939-இல் மகாராஜா பிறந்தநாளுக்கு வந்த வரிசையில் 7 சக்கரத் தலையில் நம் கன்னியாகுமரியும், 14 சக்கரத் தலையில் பேச்சிப்பாறை அணையும் இருக்கும். அப்பா அந்தப் பேச்சிப்பாறைத் தலை ஒன்றைக் கடைசி வரை பர்சில் வைத்திருந்தார். "அரை ரூபாய்க்கு அணைக்கட்டையே வாங்கிட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

1951 ஏப்ரல் 1-இல் அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்துக்கு வந்தன. ஐந்தாறு வருடத்துக்குள் ஒரு மனிதன் இருந்த இடத்தில் இருந்தபடியே எத்தனை எஜமான்களைப் பார்த்திருக்கிறான் பாருங்கள். அப்பா சொல்வதைக் கேட்டால் அவருக்குப் பெரிய கஷ்டம் மொழியும் இல்லை, படிவமும் இல்லை, ஆங்கிலத்தில் குண்டு குண்டாக வந்த விதிப் புத்தக வால்யூம்களும் இல்லை. அஞ்சலில் பத்து வருடம் போட்டவனும் தபாலில் மூன்று வருடம் போட்டவனும் ஒரே அறையில் உட்கார்ந்தால் யார் மூத்தவன்? அவரும் அவரோடு வந்தவர்களும் முதன்முதலில் சங்கம் என்று ஒரு திண்ணையில் கூடியது சம்பள உயர்வு கேட்டு இல்லை, இந்தக் கேள்விக்காகத்தான். அந்தக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது இன்று எனக்கு அப்பா வாய்வழியாகக் கேட்ட கதை மட்டுமே. எழுத்தில் இருக்கிறது என்றால் அந்த நான்கு மூட்டையில்தான் இருக்க வேண்டும்.

குப்பை என்றீர்களே தம்பி.

நம் சங்கம் மற்றச் சங்கங்கள் மாதிரி இல்லை. போஸ்ட்மேன் சங்கம் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும், எழுத்தர் சங்கம் என்றால் கொடியும் கோஷமும் தெரியும். போஸ்ட்மாஸ்டருக்கு எதற்குச் சங்கம், அவர்தானே அங்கே அதிகாரி என்பார்கள். கவுண்டருக்கு வெளியே நிற்பவருக்கு நாம் அரசாங்கம். கோட்ட அலுவலகத்துக்கு நாம் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பவேண்டிய ஆள். கீழே வேலை செய்கிறவர்களுக்கு லீவு தராத ஆள். அலுவலகத்தை ஒட்டி ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்து, பகல் முழுக்கக் கல்லாவுக்கும் ராத்திரி முழுக்கப் பெட்டகத்துக்கும் காவல் வைத்திருந்தார்கள். என் மகளுக்கு அம்மை போட்டிருந்த நாளில்கூடச் சாவியை யாரிடமும் கொடுக்க முடியாமல் நான் முன்னறையில் தபால் பை திறந்துகொண்டிருந்தேன்.

பணம் கையாடல் என்று ஒன்று நடந்தால் இந்த நடுவாந்தர வாழ்க்கை எப்படிப்பட்டது என்று புரியும். அதில் மாட்டிக்கொள்ளும் நமக்கு ஒரு பெயர் உண்டு, சப்சிடியரி அஃபென்டர், அதாவது துணைக் குற்றவாளி. வெளியாட்களுக்கு இது புரியாது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். ஒரு கிளை அஞ்சலகத்தில் பி.பி.எம்., அதாவது கிளைப் போஸ்ட்மாஸ்டர், மாதாமாதம் கட்டுகிற ஆர்.டி. பணத்தை வாங்கிப் பாஸ்புக்கில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, அன்றைய கணக்கில் சேர்க்காமல் பையில் போட்டுக்கொள்கிறார் என்று வையுங்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாது, பாஸ்புக் சரியாக இருக்கிறது. அந்தக் கிளைக்குக் கணக்கு அலுவலகமான சப் ஆபீஸில் இருக்கும் நமக்கும் உடனே தெரியாது, வராத பணத்துக்குக் காகிதமும் வராது அல்லவா. இரண்டு வருடம் கழித்து வெளியே வரும். அப்போது எடுத்தவரிடம் பணம் இருக்காது. உடனே வால்யூமைப் புரட்டி, இந்தத் தேதியில் பாஸ்புக்கை வரவழைத்து நீ ஏன் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இழப்பு நடந்திருக்காதே என்று 1965-ஆம் வருடத்து ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 16-ஆம் விதிப்படி நமக்கு ஒரு குற்றச்சாட்டு மெமோ. அப்புறம் சம்பளத்தில் பிடித்தம், மாதாமாதம். ஒரு பைசா தொட்டிருக்க மாட்டோம். எனக்கே நடந்தது. எந்த ஊர், யார் என்பதெல்லாம் இப்போது வேண்டாம், அந்தப் பி.பி.எம். குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளைக்குப் போன வருடம்தான் கல்யாணம் நடந்தது.

மெமோ வந்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் "ராஜினாமா எழுதிக் கொடு, கடலை வித்தாவது பிழைப்போம்" என்றார். அப்போது நம் சங்கத்து அண்ணாச்சி ஒருவர், இன்று இல்லை அவர், தக்கலையிலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்து, ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து என் பதிலை எழுதிக் கொடுத்தார். எனக்கு முன்னால் அதே மாதிரி மாட்டிக்கொண்ட ஏழெட்டுப் பேருடைய மெமோவும் பதிலும் உத்தரவும் மேல்முறையீடும் ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, "இவருக்கு எவ்வளவு இழப்புன்னு கணக்கே காட்டாமப் பிடிச்சாங்க, மேல போய்த் தள்ளுபடி ஆச்சு, உனக்கும் அதே ஓட்டைதான்" என்றார். எனக்குப் பிடித்தம் பாதியாகக் குறைந்தது. அந்த மஞ்சள் பை அவர் இறந்தபின் சங்க அறைக்கு வந்தது, நானேதான் கொண்டு வந்து கொடுத்தேன். சங்கத்தின் வரலாறு என்று நான் சொல்வது அந்த மஞ்சள் பையைத்தான். மூன்றாவது மூட்டையின் வாயில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இன்னொரு கதை. ஓய்வு பெற்றபின் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்தேன். அவள் இருப்பது சின்ன ஊர், நம்ம குலசேகரம் பஜார் அளவுதான். பொழுது போகாமல் ஒருநாள் அந்த ஊர்த் தபால் நிலையத்துக்குப் போய் நானும் போஸ்ட்மாஸ்டர்தான் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மா கவுண்டரை விட்டு வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஊரில் ஆள் குறைவு, மேலே இருந்து நெருக்கடி, கீழே இருப்பவர்களுக்கு யூனியன் உண்டு, எங்களுக்குத்தான் நாதியில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, நான் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். புரிந்த பாதி அப்படியே நம்ம கதை.

வீட்டுக்கு வந்து மகளை விட்டுப் படிக்கச் சொன்னேன். அங்கே போஸ்ட்மாஸ்டர்களுக்கு நூறு வருடத்துக்கு மேலாக இரண்டு சங்கங்கள் இருந்திருக்கின்றன. ஒன்று 1887-இலிருந்து தன் வயதைக் கணக்கிட்டது, சின்ன ஊர்க்காரர்களுக்காக வந்தது. மற்றது 1898-இல் பிறந்தது. மேற்பார்வையாளர்களுக்கு இன்னொரு தனிச் சங்கம், 1908 செப்டம்பரில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் சுமார் ஐம்பது பேர் கூடி ஆரம்பித்தது. அந்தக் காலம் எப்படிப்பட்டது தெரியுமா, அரசு ஊழியர்கள் சம்பளம் கூட்டச் சொல்லி நாடாளுமன்றத்துக்குப் போகவே கூடாது என்று 1902-இல் தியோடர் ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டிருந்தார். 1912-இல் சட்டம் வந்துதான் அந்த வாய்ப்பூட்டு கழன்றது. வாய்ப்பூட்டு இருக்கும்போதே கூடியிருக்கிறார்கள், அதை நினைத்துப் பாருங்கள்.

அங்கே போஸ்ட்மாஸ்டர் வேலை என்பது கட்சிக்காரருக்குக் கொடுக்கிற பரிசாகத்தான் ரொம்ப காலம் இருந்தது. ஆட்சி மாறினால் ஆளும் மாறுவார். 1901-இல் அந்த நாட்டில் 76,945 தபால் நிலையங்கள் இருந்தன, அதுதான் உச்சம். கிராமங்களில் வீட்டுக்கே போய்க் கொடுக்கும் முறை பரவப் பரவ, சின்ன ஆபீஸ்கள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. யாருக்கு வயிறு கலங்கியிருக்கும் என்று சொல்லவேண்டுமா. 1970 மார்ச்சில் நியூயார்க்கில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி அது நாடு முழுக்கப் பரவியது, நிக்சன் ராணுவத்தை இறக்கிக் கடிதம் பிரிக்க வைத்தார். அதன் பின் வந்த சட்டம் ஊழியர் யூனியன்களுக்குச் சம்பளத்தைப் பேரம் பேசும் உரிமையைக் கொடுத்தது. போஸ்ட்மாஸ்டர், மேற்பார்வையாளர் சங்கங்களுக்கோ கலந்து பேசும் உரிமை மட்டும். கேட்பார்கள், எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். நம்ம கோட்ட அளவிலான மாதாந்திரப் பேச்சுவார்த்தை ஞாபகம் வருகிறதா?

2016 நவம்பர் 1-இல் போஸ்ட்மாஸ்டர் சங்கங்கள் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நம் மாவட்டம் பிறந்த அதே தேதி, அறுபது வருடம் கழித்து. நூறு வருடச் சண்டைக்குப் பிறகு சேர்ந்தபோது பெயரில் போஸ்ட்மாஸ்டரோடு மேலாளர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆள் குறையும்போதுதான் பங்காளிகளுக்குப் புத்தி வருகிறது என்று நினைத்தேன், அங்கேயும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எங்கோ இருக்கிற அந்தச் சங்கங்களின் வருடம், தேதி, ஊர், எத்தனை பேர் கூடினார்கள் என்பது நாகர்கோவிலில் இருக்கிற எனக்குச் சொல்லத் தெரிகிறது. நம் சங்கத்தின் முதல் கூட்டம் எந்தத் திண்ணையில் நடந்தது என்று உங்களில் ஒருவருக்காவது சொல்ல முடியுமா?

நம் நாட்டுத் தபால் தொழிற்சங்கக் கதையும் லேசுப்பட்டது இல்லை. கல்கத்தாவில் தாராபத முகர்ஜி தொடங்கி வைத்ததையும், மாநாட்டில் பேசிய பேச்சுக்காக அவர் வேலையை இழந்ததையும் பழைய ஆட்கள் மேடைக்கு மேடை சொல்வார்கள். 1946 ஜூலை 11 வேலைநிறுத்தம், 1954-இல் தபால் தந்தி ஊழியர் சம்மேளனம் உருவானது, 1960, 1968 வேலைநிறுத்தங்கள் என்று எழுத்தர்களும் போஸ்ட்மேன்களும் தங்கள் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி உயிரோடு வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் போஸ்ட்மாஸ்டர் எங்கே இருந்தார்? உள்ளே, சாவியோடு. 1968 செப்டம்பர் 19 அன்று அப்பா தனியாக ஆபீஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே கோஷம் போட்டவர்களில் பாதிப் பேர் அவர் வேலை கற்றுக்கொடுத்த பையன்கள். மதியம் அம்மா கொடுத்துவிட்ட சோற்றில் பாதியைப் பின்வாசல் வழியாக அவர்களுக்கே அனுப்பினாராம். துரோகி என்று அவரைச் சொன்னவர்களும் உண்டு, நல்ல மனுஷன் என்று சொன்னவர்களும் உண்டு. இந்த இரண்டுங்கெட்டான் நிலையை எந்தத் தொழிற்சங்க வரலாறும் எழுதாது, நாம்தான் எழுத வேண்டும்.

எழுதுவதென்றால் நம் மாநாட்டு மலர் மாதிரி வேண்டாம், தயவுசெய்து. அமைச்சர் வாழ்த்து, கண்காணிப்பாளர் வாழ்த்து, தலைவர் பொன்னாடை போர்த்துகிறார், செயலாளர் பொன்னாடை வாங்குகிறார், பின்னால் இருபது பக்கம் நகைக்கடை விளம்பரம். 2009 மலரில் என் பெயரே தப்பாக அச்சாகியிருந்தது, அதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

நம்மைப் பற்றி நமக்கே கசப்பாக இருப்பதையும் எழுத வேண்டும். கிராமத்தில் ஒற்றை அறையில் உட்கார்ந்து, துறைக்கு முகமாக இருந்த பி.பி.எம்.களை நாம் போஸ்ட்மாஸ்டர் என்று ஏற்றுக்கொண்டதே இல்லை. இலாகா புறநிலை ஊழியர் என்று ஒரு பெயர், பிறகு கிராமின் டாக் சேவக் என்று ஒரு பெயர். அவர்கள் வகிப்பதும் அரசுப் பதவிதான் என்று 1977-இல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் நம் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை, வாசலில் நிற்பார்கள். 1993-ஆம் வருட அங்கீகார விதிப்படி ஒவ்வொரு பிரிவுக்கும் தனிச் சங்கம்தான், அந்தப் பிரிவில் 35 சதவீதம் உறுப்பினர் காட்ட வேண்டும், அதனால் சேர்க்க முடியாது என்று விதியைக் காட்டினோம். விதி உண்மைதான். ஒரு டீ கொடுக்க எந்த விதி தடுத்தது? 2010-இல் போஸ்ட்மாஸ்டர் கேடர் என்று தனித் தேர்வு வைத்துக் கொண்டுவந்தபோது நாமே இரண்டாகப் பிரிந்து, தேர்வெழுதி வந்த பிள்ளைகளை எப்படிப் பேசினோம் என்பதும் மினிட் புத்தகத்தில் இருக்கும். பெண்கள் விஷயம் தனி அத்தியாயம். நான் உறுப்பினராகச் சேர்ந்து பதினோரு வருடம் எனக்குக் கிடைத்த ஒரே பொறுப்பு, மாநாட்டில் வரவேற்புக் குழு, அதாவது சந்தனக் கிண்ணம்.

சரி, குறை சொல்லிக்கொண்டே போனால் முடியாது. நல்லதும் எவ்வளவோ. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு பாஸ்புக்கோடு வீட்டையும் கடல் கொண்டுபோன ஜனங்கள் கையை விரித்துக்கொண்டு வந்து நின்றபோது, நம் ஆட்கள் ராத்திரி பகலாக லெட்ஜரைப் புரட்டிப் பெயர் தேடினார்கள். சிறுசேமிப்பு லெட்ஜர்களைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றிய வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததே யாருக்கும் ஞாபகமில்லை. வளைகுடாவிலிருந்து நீல நிறக் கடிதம் வந்தால் படித்துக் காட்டுங்கம்மா என்று வந்து நின்ற பெண்களில் எத்தனை பேருக்கு நாம் வாசித்திருக்கிறோம், சில வரிகளை வாசிக்காமல் விழுங்கியும் இருக்கிறோம். 2013-இல் தந்தி போனது. 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்டோடு கலந்துவிட்டது. ஒரு சேவை நிற்கும்போது பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுக்கிறார்கள், கவுண்டருக்குப் பின்னால் முப்பது வருடம் அதைச் செய்த ஆளிடம் யாரும் மைக்கை நீட்டுவதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சனிக்கிழமை வருகிற ஆக்கர் கடைக்காரரை நிறுத்துங்கள், அவருக்கு நஷ்டம் என்றால் கிலோவுக்கு அவர் சொல்கிற விலையை நானே கொடுத்துவிடுகிறேன். மூட்டை நான்கும் என் வீட்டு மாடிக்கு வரட்டும், மழை படாத அறை இருக்கிறது, கரையானுக்கு மருந்தும் அடித்தாகிவிட்டது. மினிட் புத்தகங்களைத் தேதிப்படி அடுக்கிப் படம் பிடிக்க என் தங்கை மகன் ஒத்துக்கொண்டிருக்கிறான். அஞ்சலில் வேலை பார்த்தவர்கள் இனி யாரும் இருக்க வாய்ப்பில்லை, ஆனால் அவர்களின் பிள்ளைகள் இருக்கிறோம். கொல்லங்கோடு முதல் ஆரல்வாய்மொழி வரை எந்த வீட்டுப் பரணிலாவது ஒரு பழைய உத்தரவோ, சங்கு முத்திரை போட்ட காகிதமோ, குரூப் போட்டோவோ இருந்தால் சொல்லி அனுப்புங்கள், நான் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்கிறேன், எடுத்துக்கொண்டு போக மாட்டேன். மெமோ வாங்கியவர்கள் வெட்கப்படாமல் சொல்லுங்கள், பெயர் போடமாட்டேன். 1968-இல் வெளியே நின்றவர்களும் சொல்லலாம், அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

செயலாளர் தம்பி, அறைச் சாவி உங்களிடம்தான் இருக்கிறது என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தெரிந்த பையனின் லோடு ஆட்டோவோடு வருகிறேன். மூன்றாவது மூட்டையை மட்டும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி வையுங்கள், அதன் வாய் பிரிந்திருந்தது. பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்பீர்கள், ஏ.சி.ஜி. 67 ரசீதுப் புத்தகம் இப்போது என் கையில் இல்லை, வெள்ளைக் காகிதத்தில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய போஸ்ட்மாஸ்டரம்மா,
நாகர்கோவில் - 629001